ஜெனரேட்டரில் ஓடிய டெட்ராய்ட் 6-71 டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜினைப் படகில் பொருத்தலாமா?

பொருத்தலாம். ஆனால் விற்பவர் சொல்கிற மாதிரி "அதே என்ஜின்தான், ஒரு நாள் வேலை" கிடையாது. நீங்கள் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் பிளாக்கில் அடித்திருக்கும் மாடல் நம்பரைப் படியுங்கள். 1065 என்று தொடங்கினால் 1 இன்லைன் (சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும்) 71 வரிசை, 06 சிலிண்டர், 5 ஜெனரேட்டர். அந்தக் கடைசி எண் படகுக்கு 2, லாரி, பஸ்ஸுக்கு 7. நம்பரைத் தேய்த்துவிட்டு மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த என்ஜினைத் தொடாதீர்கள்.

1938-ல் வந்த இந்த 71 வரிசையில், சிலிண்டருக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயரையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் எந்தப் பக்கமும் மாட்டலாம், வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் கட்டலாம். அதனால்தான் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஏமாற்றுவது சுலபம். சுழலும் திசையை மாற்ற ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றினால் போதாது, கியர் டிரெயின், ஆயில் பம்ப் வரை கை வைக்க வேண்டும். அதற்குப் பதில் கியர்பாக்ஸிலேயே புரொப்பெல்லர் திசையைச் சரிசெய்துவிடுங்கள். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் எஸ்ஏஇ எண் (அதன் அளவைச் சொல்லும் தர எண்) கியர்பாக்ஸோடு பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில். சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஜெனரேட்டர் கவர்னர் 1500 ஆர்பிஎம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். லாரி கவர்னர் ஐட்லையும் உச்ச வேகத்தையும் மட்டும் பார்க்கும், நடுவில் எல்லாம் டிரைவர் கால்தான். படகுக்கு இரண்டும் ஆகாது. அலையில் புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்தால் லோடு போய் வேகம் எகிறும். லீவரை எங்கே வைத்தாலும் அந்த வேகத்தைக் காக்கிற வேரியபிள் ஸ்பீட் கவர்னர்தான் வேண்டும்.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் என்55, என்65 என்று இருப்பது ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை கன மில்லிமீட்டர் டீசல் என்பதைச் சொல்கிறது. பவர் வேண்டும் என்று பெரியதைப் போட்டால் ப்ளோயர் தரும் காற்று போதாமல் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும், லைனர் கீறும். மாற்றினால், இன்ஜெக்டர் உயரத்தைச் சரிவைக்கும் டைமிங் கேஜின் அளவையும் பாருங்கள். பலவற்றுக்கு 1.460 அங்குலம், எல்லாவற்றுக்கும் அல்ல. டியூன் செய்யும்போது வால்வு இடைவெளி, இன்ஜெக்டர் டைமிங், கவர்னர் கேப், ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பற்சட்டம்) என்ற வரிசையை மாற்றாதீர்கள். ராக் இறுகிக்கொண்டால் என்ஜின் கட்டுமீறி ஓடும், அப்போது ப்ளோயர் வாயில் காற்றை அடைக்கும் அவசர ஃபிளாப் ஒன்றுதான் காப்பாற்றும். தினமும் அதை வைத்து நிறுத்தினால் ப்ளோயர் சீல் வழியாக ஆயிலை உறிஞ்சிவிடும்.

இதெல்லாம் மேனுவலில் இருக்கிறது. ஆனால் எத்தனை யார்டுகளில் மேனுவல் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது! ஸ்பேனர் பிடிக்கிற நம் பிள்ளைகள் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், பிழை வந்தால் மட்டும் பழி அவர்கள் மேல். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, கடல்நீரால் என்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல்நீர் பம்ப், தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போடுங்கள். வெறும் மேனிஃபோல்டு மரப்படகில் தீ வைக்கும். அரிப்பைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டைகளை மாதம் ஒருமுறை பாருங்கள், பாதி கரைந்தால் மாற்றுங்கள்.

"ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு, சத்தம் குறையும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கேள்வி அதுவல்ல. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலிருந்து தெரிகிற பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் இருப்பதும் டூ-ஸ்ட்ரோக்தான் என்பார்கள். அது வேறு ஜாதி: கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் சறுக்குத் துண்டு) வைத்தது, 100 ஆர்பிஎம் அளவில் ஓடி கியர் இல்லாமலே புரொப்பெல்லரைச் சுற்றுவது, பின்னால் போக என்ஜினையே நிறுத்தி எதிர்த்திசையில் காற்றால் கிளப்புவது. அந்த அனுபவத்தை வைத்து இதற்கு ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள்.

ஆயில் எஸ்ஏஇ 40 ஒற்றை கிரேடு, சாம்பல் குறைந்தது. 15டபிள்யூ-40 வேண்டாம். ஏர்பாக்ஸின் (சிலிண்டர்களைச் சுற்றியுள்ள காற்று அறை) வடிகுழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள். எம்பிஏ (சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம்) உரிமம் உள்ள படகென்றால் என்ஜினைத் தூக்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.