சாதுவான பயிற்சியாளர் அணியைக் கெடுத்துவிடுவாரா?

கத்தாத, திட்டாத பயிற்சியாளரிடம் அணி துவண்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்னைப் பாருங்கள். அதிர்ந்து பேசாத மனிதர். 1973 முதல் 25 பருவங்களில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. மூன்று தேசியப் பட்டங்கள்.

சாது என்றால் பயந்தாங்கொள்ளி இல்லை. பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் என்ற பெரிய ஆட்டத்தில், 1984இல், அவருடைய அணி மயாமி பல்கலைக்கழக அணியிடம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது, 48 விநாடிதான் பாக்கி. ஓர் எளிய உதையில் சமன் செய்திருந்தாலே பட்டம் ஏறக்குறைய கையில். அவரோ வெற்றிக்காக, உதைக்குப் பதில் பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுக்கும் கடினமான வழிக்குப் போனார். பந்து தட்டிவிடப்பட்டது; 31-30, தோல்வி.

சரி, மென்மை எங்கே இடிக்கும்? குரலில் அல்ல, கண்டிப்பில். 1995இல் முன்னாள் காதலியைத் தாக்கிய தன் அணி வீரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸை இடைநீக்கம் செய்தவர், அதே பருவத்திலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டும் பட்டம் வந்தது. அந்த முடிவு மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.