தோலை இழுத்துத் தைத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. கன்னச் சதை இறங்கி, நாடியின் இரு பக்கமும் பை போலத் தொங்குகிறது. கழுத்தில் இரண்டு நரம்பு புடைத்து நிற்கிறது. முகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சையில் தோலை இழுத்துத் தைத்தால் சரியாகும் என்கிறார்கள். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். கொழும்புக்குப் போய்ச் செய்யலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தோலை மட்டும் இழுக்கும் முறைக்குச் சம்மதிக்காதீர்கள். தோல் இழுபட்டுத் தளரும்; இழுவை தாங்காமல் தழும்பு அகலும், காதுச்சோணை கீழிறங்கிக் கன்னத்தோடு ஒட்டியதுபோல் ஆகும். பாரத்தைத் தாங்க வேண்டியது தோலுக்கும் கொழுப்புக்கும் கீழுள்ள 'ஸ்மாஸ்' படலம். பிரான்ஸ் வைத்தியர்களான மிட்ஸ், பெய்ரோனி ஆகியோர் 1976இல் விவரித்தது இதைத்தான். அதை மடித்துத் தைக்கலாம். அல்லது அதற்கும் கீழே புகுந்து, இறுக்கிப் பிடித்திருக்கும் நார்களை விடுவித்து, தோலோடு சேர்த்தே உயர்த்தலாம். பின்னது, முகத் தசைகளை அசைக்கும் முகநரம்பின் கிளைகளுக்கு அருகில் நடக்கும் வேலை. முறையின் பெயரைவிட, அதே முறையில் நன்கு பழகிய கையைத் தேடுவதே நல்லது.

கழுத்தில் தெரிவது நரம்பல்ல, கழுத்தின் முன்புறத் தோலுக்கடியில் பரவியுள்ள பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையின் விளிம்புகள். நாடிக்கு அடியில் சுமார் 3 செ.மீ. வெட்டி, இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைப்பார்கள்.

உங்கள் விடயத்தில் என் பெரிய கவலை பிரஷர்தான். தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதே இதில் அதிகம் வரும் சிக்கல். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, நோவு கூடினால் உடனே சொல்லுங்கள். தாமதித்தால் மேலுள்ள தோல் கருகிவிடும். பிரஷர் கட்டுப்பாட்டுக்குள் வராமல் திகதி குறிக்க வேண்டாம். அஸ்பிரின் எடுப்பவரானால், அதைத் தந்த வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். காதின் முன்பக்கத் தையல் பிரிக்க 5 முதல் 7 நாள் ஆகும். அதுவரை கொழும்பிலேயே தங்குங்கள். மறுநாளே இரவு பஸ் ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: நான் சிகரெட் தொடுவதில்லை, வெற்றிலையோடு புகையிலை போடுவேன். முகத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சைக்கு அது தடையா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தடைதான். மென்றாலும் புகையிலையிலுள்ள நிக்கொட்டின் இரத்தத்தில் சேர்ந்து தோலின் குழாய்களைச் சுருக்கும். உயர்த்திய தோலுக்கு ஒரு பக்கத்திலிருந்தே இரத்தம் வருகிறது. காதுக்குப் பின்னாலுள்ள மெல்லிய நுனிதான் முதலில் செத்துப்போகும். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 கிழமை முழுதாக விடுங்கள். புகையிலைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டியும் ஆகாது. ஆண்களுக்குத் தாடித் தோலில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் இரத்தக்கட்டும் கூடுதலாக வரும். வெட்டு எங்கே போகும் என்றும் கேளுங்கள்: காதுத்துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டின் மேல் தாடித் தோலை இழுத்துவிட்டால், அங்கேயும் மயிர் முளைக்கும்.