கேள்வி நேரம்: எஞ்சினின் அடிச்சட்டம்

கேள்வி: பழைய நீராவி எஞ்சினின் அடிச்சட்டத்தை எப்படிச் செய்தார்கள்? அதில் விரிசல் விடுமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: கட்டாயம் விடும், தம்பி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஒரு லோகோ ஷெட்டில் நான் உதவியாளாக இருந்தேன். அந்தக் காலத்தில் ஃபிட்டர் வேலை இந்தியர்களான நம்மவர்களுக்குக் கிடையாது. ஆனால் சட்டத்தைத் துடைத்துத் தேய்த்த கை என்னுடையதுதான்.

பிரிட்டிஷ் வழக்கம் தகட்டுச் சட்டம். சுமார் ஓர் அங்குலத் தகடு இரண்டை நிமிர்த்தி நிறுத்தி, குறுக்கே இணைப்பார்கள். அமெரிக்க வழக்கம் கம்பிச் சட்டம். நாலைந்து அங்குலத் தடிமனான எஃகுக் கம்பிகளால் ஆனது. நம் தென்னாப்பிரிக்க ரயில்வேயின் 15எஃப் வகை எஞ்சினுக்கு இதுதான். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியே கைவிட்டு எண்ணெய் போடலாம், அது பெரிய வசதி. 1953 முதல் வந்த 25 வகை எஞ்சினில் சட்டமும் சிலிண்டர்களும் ஒரே எஃகு வார்ப்பு. போல்ட் தளரும் தொல்லையே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் சிறந்தது.

சரி, விரிசலுக்கு வருகிறேன். சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப் பெட்டி மேலும் கீழும் ஆட, சட்டத்தில் அடிப்பக்கம் திறந்த வெட்டு இருக்கும். அதன் மேல் மூலையில்தான் விரிசல் தொடங்கும். அதனால்தான் மூலையை வளைவாக வெட்டுவார்கள், வெட்டின் திறந்த அடிவாயின் குறுக்கே இறுக்கமாக ஓர் இணைப்புக் கட்டையும் பூட்டுவார்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிச் சுத்தியலால் தட்டுவோம். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் முடி போல ஒரு கறுப்புக் கோடு எழும். அதைப் பார்த்தால் அன்று அந்த எஞ்சின் வெளியே போகாது.