வெல் இருக்கற வீட்டுல மெயின் வால்வ மட்டும் மூடிட்டு ஊருக்குப் போனா பேஸ்மென்ட் தப்பிக்குமா?

கேள்வி கேட்டவங்க சொன்னது இதுதான்: அமெரிக்கால டவுன் வாட்டர் இல்லாத, சொந்தக் கிணறு (வெல்) இருக்கற வீடு வாங்கியிருக்காங்க, ப்ரெஷர் டேங்க், அதாவது கிணத்துத் தண்ணிய அழுத்தத்தோட தேக்கி வைக்கற டேங்க், பேஸ்மென்ட்ல இருக்கு, டிசம்பர்ல ஒரு மாசம் ஊருக்குப் போறாங்க, மெயின் வால்வ மூடிட்டுப் போனா பைப் உடைஞ்சாலும் பேஸ்மென்ட்ல தண்ணி தேங்காதுல்லன்னு கேக்கறாங்க.

போதாதுங்க. வால்வ மூடுங்க, நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னாடி எலக்ட்ரிக் பேனல்ல கிணத்து பம்போட பிரேக்கர ஆஃப் பண்ணுங்க. டவுன் வாட்டர் வீட்டுல வால்வுதான் எல்லாம், வெல் வீட்டுல கரண்ட்தான் எல்லாம். இது எனக்குத் தெரிய வந்த விதத்தையும் சொல்றேன், ஏன்னா அப்பதான் நீங்க தள்ளிப் போடாம இன்னைக்கே கீழ போய்ப் பாப்பீங்க.

நாங்க இருக்கறது நியூ ஹாம்ஷயர் தெற்குப் பக்கம், கீழ முழுக்க கிரானைட் பாறை, பாறையத் துளைச்சுப் போட்ட கிணறு, நம்ம ஊர்ல போர்னு சொல்றோமே அதேதான், 300 அடிக்கு மேல ஆழம், உள்ள சப்மெர்சிபிள் மோட்டார். அஞ்சு வருஷம் முன்னாடி தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வியாழக்கிழமை காலைல நியூ ஜெர்சில தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போய்ட்டு சனிக்கிழமை ராத்திரி வந்தோம். பையன் கை கழுவ குழாயத் திறந்தான், புஸ்ஸுனு காத்துதான் வந்துச்சு, கீழ இருந்து சளசளன்னு சத்தம். பேஸ்மென்ட் கதவத் திறந்து லைட் போட்டா படிக்கட்டுக்குக் கீழ கணுக்கால் அளவு தண்ணி, அதுல கொலு பொம்மை பெட்டிங்க மிதக்குது. அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் புடவைல சுத்தி சூட்கேஸ்ல எடுத்துட்டு வந்த பொம்மைங்க, பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மை பாதி, அதெல்லாம் கரைஞ்சு வெறும் கூழாப் போயிருந்துச்சு.

வீட்டுக்காரர் ஷூவோட இறங்கப் போனாரு, நான் கையப் புடிச்சு நிறுத்திட்டேன். எங்க எலக்ட்ரிக் பேனல் பேஸ்மென்ட்டோட அந்தப் பக்கச் சுவத்துல இருக்கு, பம்ப நிறுத்தணும்னா அந்தத் தண்ணிலதான் நடந்து போகணும், பம்ப் லைன் 240 வோல்ட், தண்ணிக்குள்ள எது மூழ்கியிருக்கு எது தொங்குதுன்னு மேல நின்னு பாத்தா தெரியாது. தீயணைப்புக்குப் போன் பண்ணோம், அவங்க வந்து கரண்ட நிறுத்துன பின்னாடிதான் இறங்குனோம். இத எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், தண்ணி நிக்கற பேஸ்மென்ட்ல கரண்ட் இருக்கும்போது யாரும் கால் வைக்காதீங்க, பொருள் போனா போகட்டும்.

என்ன உடைஞ்சதுன்னு பாத்தா சுண்டு விரல் பருமன் கூட இல்லாத ஒரு இரும்பு நிப்பிள், அதாவது ரெண்டு பக்கமும் மரை போட்ட குட்டிக் குழாய். டேங்குக்கு முன்னாடி பித்தளைல ஒரு டீ (T வடிவ இணைப்பு) இருக்கும், அதுல ப்ரெஷர் கேஜ், வடிகால் குழாய், ரிலீஃப் வால்வு எல்லாம் மாட்டியிருக்கும், அதுலருந்து கால் இஞ்சு நிப்பிள் ஒண்ணு மேல போகும், அது தலைல சின்னப் பொட்டி மாதிரி ப்ரெஷர் சுவிட்ச் உக்காந்திருக்கும். தண்ணி அழுத்தம் 40 பி.எஸ்.ஐக்கு (அழுத்தத்த அளக்கற அலகு) இறங்குனா சுவிட்ச் மோட்டார ஓட விடும், 60 ஆனதும் நிறுத்தும், பழைய வீடுகள்ல 30க்கும் 50க்கும் வச்சிருப்பாங்க. அந்த நிப்பிள் உள்ளுக்குள்ள துருப்புடிச்சு ஒடிஞ்சு போச்சு, சுவிட்ச் வயர்ல தொங்குது, இப்ப யோசிச்சுப் பாருங்க, சுவிட்சுக்குத் தெரியற அழுத்தம் பூஜ்யம், அதனால மோட்டார ஓடு ஓடுன்னு சொல்லிட்டே இருக்கு, மோட்டாரும் கிணத்துல இருக்கறதத்தனையும் எடுத்து பேஸ்மென்ட்ல கொட்டுது. வீட்டுக்குள்ள போற மெயின் வால்வு டேங்கத் தாண்டித்தான் இருக்கு. அத நாங்க மூடிட்டே போயிருந்தாலும் ஒரு சொட்டு கூட நின்னிருக்காது.

நம்ம ஊர்ல நாம வளர்ந்த வீடுகள்ல மோட்டார் போட்டா டேங்க் நிரம்பி வழியும்போது யாராவது மோட்டார ஆஃப் பண்ணுன்னு கத்துவாங்க, மோட்டார் ஓடறது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இங்க அது தானா ஓடி தானா நிக்குது, சத்தமே வெளிய வராது, அதனால வருஷக்கணக்கா யாரும் அந்த மூலைப் பக்கம் போறதே இல்ல. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ கணக்குப்படி அமெரிக்கால 2 கோடியே 30 லட்சம் வீடுகளுக்கு மேல சொந்தக் கிணத்துத் தண்ணிதான், அந்தக் கிணறுகள் ஈ.பி.ஏ கட்டுப்பாட்டுக்குள்ள வராது, உங்க கிணறு உங்க பொறுப்புதான்.

எவ்வளவு தண்ணி வரும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பம்ப் நிமிஷத்துக்கு 5 கேலன் தள்ளுதுன்னு வச்சுக்கங்க, மணிக்கு 300 கேலன், அதாவது 1100 லிட்டருக்கு மேல. 1000 சதுர அடி பேஸ்மென்ட்ல ஒரு இஞ்சு நிக்க 620 கேலன் சொச்சம் போதும், ஆக ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு இஞ்சு. நீங்க போறது ஒரு மாசம். கிணத்துல தண்ணி வத்திப் போனா மோட்டாரும் வறட்டு ஓட்டம் ஓடி எரியும், 300 அடிலருந்து அத வெளிய இழுக்க வண்டி வரவைக்கணும்.

நிப்பிள் மட்டும் இல்ல, ஒடையற எடம் இன்னும் இருக்கு. சுவத்துலருந்து உள்ள வர கருப்பு பாலி பைப்ப பித்தளை ஃபிட்டிங்ல சொருகி ஒரே ஒரு கிளாம்ப் போட்டிருப்பாங்க, ரெண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் வேணும், ஸ்க்ரூ எதிரும் புதிருமா. ஃபில்டர் ஹவுசிங் பிளாஸ்டிக், வருஷம் ஆக ஆக மயிரிழை மாதிரி விரிசல் வரும். டேங்க் அடில துருவான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சுவிட்ச் மூடிக்குள்ள எறும்பு போய் காண்டாக்ட்ல (கரண்ட் சேர்ற உலோகப் புள்ளி) நசுங்கிச் செத்துக் கெடக்கும், இது இங்க சகஜம், காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா மோட்டார் நிக்காது, அழுத்தம் ஏறிட்டே போகும், அப்ப ரிலீஃப் வால்வு திறந்து தண்ணிய வெளிய விடும், அது வேலைய அது சரியாத்தான் செய்யுது, ஆனா அதோட வாய்ல ஒரு பைப் மாட்டி சம்ப்புக்கோ (பேஸ்மென்ட் தரைல தண்ணி வடியற குழி) வெளியவோ விடலன்னா அந்தத் தண்ணியும் தரைலதான். மோட்டார் நிமிஷத்துக்கு ஒரு தடவை டிக் டிக்னு போட்டு நிறுத்துதுன்னா டேங்க் உள்ள இருக்கற ரப்பர் பை போயிருக்கலாம், காண்டாக்ட் சீக்கிரம் தேயறது அதனாலதான். கரண்ட நிறுத்தி டேங்கக் காலி பண்ணிட்டு சைக்கிள் கேஜ் வச்சு காத்து பாருங்க, மோட்டார் ஓட ஆரம்பிக்கற அழுத்தத்துக்கு 2 கம்மியா, 40/60 சுவிட்சுன்னா 38 இருக்கணும்.

நாங்க என்ன மாத்துனோம்னா, முதல்ல நிப்பிள பித்தளைல போட்டோம், சுவிட்ச லோ கட் ஆஃப் வகைக்கு மாத்துனோம், ஓரத்துல சின்ன லீவர் இருக்கும், அழுத்தம் 30க்குப் பக்கத்துல இறங்குனா அதுவே லைன கட் பண்ணிடும், நிப்பிளே ஒடிஞ்சாலும் கட் பண்ணும். ஆனா இத மட்டும் நம்பாதீங்க, பம்ப் தாக்குப் பிடிக்கற அளவு சின்ன ஓட்டைன்னா அழுத்தம் அவ்வளவு இறங்காது, மோட்டார் நிதானமா ஓடி ஓடி நாள் முழுக்க கொட்டும். அதுக்கு தரைல லீக் சென்சார் வேணும். கடைல கிடைக்கற பேட்டரி சென்சார் கத்த மட்டும்தான் செய்யும், வீட்டுல யாரும் இல்லன்னா யாருக்குக் கேக்கும், அதனால தண்ணி பட்டதும் பம்ப் லைன கட் பண்ற காண்டாக்டரோட (தானா இயங்கற பெரிய கரண்ட் சுவிட்ச்) சேந்த செட் வாங்குங்க, எலக்ட்ரீஷியன் வச்சே மாட்டுங்க. சாதா ஸ்மார்ட் பிளக் 120 வோல்ட்டுக்கானது, இதுக்கு ஆகவே ஆகாது. இன்னொண்ணு, தானா மூடற வால்வ விக்க வருவாங்க, அது டேங்குக்கு அப்புறம் இருந்தா எங்களுக்கு நடந்தத தடுக்காது, கிணத்துக்கும் டேங்குக்கும் நடுவுல வச்சு கரண்ட கட் பண்ணாம விட்டா மோட்டார் மூடுன வால்வ முட்டிக்கிட்டே ஓடும், சுவிட்சுக்கு அந்த அழுத்தம் தெரியாது, மோட்டார் போகும் இல்ல பைப் வெடிக்கும்.

எனக்கு இதுல எல்லாத்துலயும் பெரிய நிம்மதி தந்தது ஒரு சாதாரண சுவிட்ச். இந்தப் பக்கம் ஆயில் பாய்லர் வீடுகள்ல பேஸ்மென்ட் படிக்கு மேல சிவப்பு பிளேட் போட்ட சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அவசரத்துக்கு பாய்லர நிறுத்த. அது பக்கத்துலயே பம்புக்கும் 240 வோல்ட் டபுள் போல் சுவிட்ச் (ரெண்டு கரண்ட் வயரையும் ஒண்ணா நிறுத்தறது) ஒண்ணு போடச் சொன்னேன். இப்ப ரெண்டு நாள் வெளிய போனாலும் கதவப் பூட்டற மாதிரி அதையும் தட்டிட்டுத்தான் போறோம், தண்ணிக்குள்ள நடந்து பேனலுக்குப் போக வேண்டிய நிலைமை இனிமே எங்க வீட்ல இல்ல. எங்களுக்கு அப்ப சம்ப் கிடையாது, பின்னாடி அதுவும் வெட்டுனோம், சின்ன சம்ப் பம்பே மணிக்கு சுமார் 2000 கேலன் தள்ளும், கிணத்து பம்ப விட பல மடங்கு.

உங்க டிசம்பர் பயணத்துக்கு வரேன். வாட்டர் சாஃப்ட்னர் (கடினத் தண்ணிய மென்மையாக்கற மெஷின்) இருந்தா பைபாஸ்ல போடுங்க, அது ராத்திரி 2 மணிக்குத் தானா கழுவ ஆரம்பிக்கும். பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு லாண்டரி சிங்க் குழாயத் திறந்து கேஜ் முள்ளு பூஜ்யத்துக்கு வர வரைக்கும் விடுங்க, டேங்க்ல தேங்கி இருக்கற அஞ்சாறு கேலனும் போயிடும், அப்புறம் குழாயையும் மெயின் வால்வையும் மூடுங்க. தண்ணி நிறுத்திட்டோம்னு வீட்ட சூடாக்கற ஹீட்டர ஆஃப் பண்ணிடாதீங்க, வீடு 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போகக்கூடாது, குழாய்க்குள்ள மிச்சம் இருக்கற தண்ணி உறைஞ்சாலும் பைப் வெடிக்கும். சூடுதண்ணி பாய்லர் சிஸ்டம்னா அதுக்குத் தண்ணி தானா ஏறற லைன் இருக்கும், பம்ப் நிக்கும்போது அத என்ன பண்ணணும்னு சர்வீஸ் பண்றவர்கிட்ட போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

திரும்பி வந்ததும் ஜெட்லாக்ல பம்ப போட்டுட்டுப் படுத்துடாதீங்க. டார்ச் எடுத்துட்டு டேங்க் பக்கம் ஈரம் இருக்கான்னு பாத்துட்டு பம்ப போடுங்க, லோ கட் ஆஃப் சுவிட்சுன்னா அழுத்தம் ஏறற வரைக்கும் லீவர பாதி தூக்கிப் புடிக்கணும், முள்ளு 60க்கு வந்து டிக்னு நிக்கும். அங்கயே பத்து நிமிஷம் நில்லுங்க, குழாய் எதுவும் திறக்காம முள்ளு இறங்குனா எங்கயோ போகுதுன்னு அர்த்தம், திரும்ப ஆஃப் பண்ணிட்டு பிளம்பரக் கூப்பிடுங்க.