ஷீட்டும் நிழலும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஹைடெக் லேபில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கூகுள் ஷீட் திறந்து, தனி ஊசல் செய்முறையின் ரீடிங்குகளை ஆறு குழுக்களும் அதிலேயே போடட்டும் என்று விட்டேன். முதல் குழு போட்ட எண்களைப் பார்த்து மற்ற ஐந்து குழுவும் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஆறு பேருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8! "காப்பி அடிக்க நோட்டு போதாதா, கம்ப்யூட்டர் வேறு எதற்கு?" என்று சக ஆசிரியர் கேலி செய்கிறார். பிள்ளைகளுக்கு என்னவோ பிடித்திருக்கிறது. இதைத் தொடரலாமா?

(பெயரும் பள்ளியும் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடருங்கள், ஆனால் தனி ஊசலை வைத்து வேண்டாம்.

உங்கள் நண்பரின் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. ஷீட் வந்ததால் பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை. 9.8 வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் அடித்தார்கள். ப்ளஸ் டூ லேபில் விடையை முதலில் எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து 'வரவழைக்கும்' கலை நம் எல்லோருக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டு அதை மறைத்து வைத்திருந்தது, ஷீட் பெரிய திரையில் போட்டுக் காட்டிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊசலில் காப்பி அடிப்பதால் போகும் நஷ்டம் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1 மீட்டர் ஊசல் 20 அலைவுக்கு ஏறக்குறைய 40 வினாடி எடுக்கும். குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கும் குழு ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். 'பூஜ்யம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். அவர்கள் எண்ணியது உண்மையில் 19 அலைவு, கடிகாரத்தில் 38 வினாடிதான் இருக்கும், புவியீர்ப்பு முடுக்கம் 10.9க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆறு குழுவும் ஆறு நீளத்தில் செய்து, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைந்தால் ஐந்து புள்ளி ஒரே கோட்டில் விழும், இந்த ஒன்று மட்டும் தள்ளி நிற்கும். ஏன் தள்ளி நிற்கிறது என்று அந்தக் குழு தலையைச் சொறியும் பத்து நிமிடம்தான் அன்றைய பாடமே. ஆனால் இதற்குக் கரும்பலகை போதும். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு இணையம் எதற்கு?

பக்கத்தில் இல்லாத ஒருவரின் அளவு தேவைப்படும் இடத்தில்தான் ஷீட்டுக்கு வேலை. உங்கள் ஊர் இதற்கு ரொம்பத் தோது.

சென்னையில் ஒரு பள்ளியைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் 1 மீட்டர் குச்சியை, நூல் குண்டு பிடித்துச் சரிபார்த்துச் செங்குத்தாக நடுங்கள். உச்சி வேளை நிழலை ஒரே நாளில் அளந்து ஷீட்டில் போடுங்கள். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் சையீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊரை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாரே, அதேதான். நிழலின் நீளத்திலிருந்து சூரியன் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது கிடைக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனை பாகை, எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால் 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்கிடலாம். நாகர்கோவில் ஏறக்குறைய 8.2 பாகை அட்சத்தில் இருக்கிறது, சென்னை 13.1ல். இடைவெளி 4.9 பாகை.

நாள் என் விருப்பத்துக்கு விட்டால் ஆகஸ்ட் 25ஐ ஒட்டிச் சொல்வேன். ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே இருக்கும், செப்டம்பர் 1 வாக்கில் உங்களுக்கு நேர் மேலே. நடுவில் ஒரு நாள் இரண்டு ஊருக்கும் சரிபாதியில் நிற்கும். அன்று இரண்டு ஊரிலும் நிழல் நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஷீட்டில் இரண்டு எண்ணும் ஒன்றுபோல இருக்கும். பிள்ளைகள் பழக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். பூஜ்யம். அப்படியானால் பூமி தட்டையா?

சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சண்டை போடட்டும். சென்னைப் பிள்ளைகள் 'எங்கள் நிழல் வடக்கே விழுந்தது' என்று கமென்டில் எழுதுவார்கள். உங்கள் பிள்ளைகள் 'எங்களுக்குத் தெற்கே' என்பார்கள். ஷீட்டில் திசைக்கு ஒரு பத்தி இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். கோணங்களைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. இதை எந்த நோட்டும் தராது, ஏனென்றால் பாதி விடை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொருவர் கையில் இருக்கிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்து சென்னையின் நிழலை யாராலும் 'வரவழைக்க' முடியாது.

அந்த எழுநூறும் ஒரு பொறிதான். அது சாலைத் தூரம். மேப்பில் பார்த்து அதையே போட்டால் சுற்றளவு 51,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வேண்டியது நேர் வடக்கு-தெற்காக அளந்த தூரம், சுமார் 545 கிலோமீட்டர். அதைப் போட்டால் 40,000ஐ ஒட்டி வரும்.

கடிகாரமும் ஏமாற்றும். இரண்டு பள்ளியும் '12 மணி' என்று பேசிவைத்து அளந்தால் தப்பு. சென்னை கிழக்கே இருப்பதால் உச்சி வேளை உங்களைவிடப் பதினொரு நிமிடம் முன்பே வந்துவிடும். அந்த வாரத்தில் அங்கே 12.10ஐ ஒட்டி, உங்களுக்கு 12.20ஐத் தாண்டி. எனவே 11.50லிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எல்லாவற்றையும் போடுங்கள். மிகக் குட்டையான நிழல் எதுவோ அதுதான் கணக்குக்கு.

காப்பி விஷயத்துக்கு ஒரு சின்ன உபாயம்: ரீடிங்கை நேராக ஷீட்டில் போட விடாமல் கூகுள் ஃபார்ம் வழியாக வாங்குங்கள். கடைசிக் குழு அனுப்பிய பிறகு ஷீட்டைத் திறந்து காட்டுங்கள். பதிப்பு வரலாற்றில் போய் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று துப்பறிய வேண்டாம். அப்புறம் பிள்ளைகள் ஷீட்டைக் கண்டாலே பயப்படுவார்கள். பிள்ளைகளின் பெயரும் வேண்டாம், 'அணி 3' போதும். தப்பான ரீடிங்கை அழிக்கவும் விடாதீர்கள், பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள்.

நிழல் ஒரு நாள் கூத்து. வருடம் முழுக்க ஏதாவது வேண்டுமென்றால் சீசன்வாட்ச் என்ற மரம் கவனிக்கும் திட்டம் இருக்கிறது. பள்ளி வளாகத்து மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் பார்த்துப் பதிவார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே கேரளத்துப் பள்ளிகள் நிறைய இதில் இருக்கின்றன. உங்கள் கொன்றையும் அவர்கள் கொன்றையும் ஒரே வாரத்தில் பூக்கிறதா என்று பார்க்கலாம்.

சென்னைப் பள்ளி அமையாவிட்டால் திருச்சியும் பரவாயில்லை. ஆனால் இடைவெளி 2.6 பாகையாகச் சுருங்கிவிடும், நிழலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடையில் வரும் பிழை சென்னையை வைத்துச் செய்வதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குச்சியை 2 மீட்டராக்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், அதனால் அடுத்தடுத்து மூன்று நாளைக்கு இரண்டு தலைமையாசிரியர்களிடமும் இப்போதே அனுமதி வாங்கி வையுங்கள்.