பழைய கோல்ட் ரிவால்வர்: வாங்கும் முன்பும் சுடும் முன்பும்

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை வாங்கி இலக்குச் சுட ஆசைப்படும் அமெரிக்கத் தமிழர்கள் சிலர் கேட்டவையும் என் பதில்களும்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள், விசாவுக்கே ஆபத்து. கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை.

1898-க்கு முந்தையது என்றால் பேப்பர் வேலை இல்லையாமே?

1898 வரை தயாரானவை கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை கருமருந்துக்காக, அதாவது அந்தக் காலத்துக் கரிய வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா வெடிமருந்துக்குக் கோல்ட் உத்தரவாதம் தந்தது 1900 வாக்கில்தான். வாங்குவதற்குச் சுலபமான அதே துப்பாக்கியில், இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. சுடுவதுதான் நோக்கம் என்றால் கோல்ட் 1956-இல் மறுபடி செய்யத் தொடங்கிய ‘இரண்டாம் தலைமுறை’ ரிவால்வரைத் தேடுங்கள். நான் அதைத்தான் சொல்வேன்.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் காலி என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு ஹேமரை (பின்புறம் உள்ள சுத்தியலை) மெதுவாகப் பின்னால் இழுங்கள். நான்கு ‘க்ளிக்’ கேட்க வேண்டும். ஹேமர் கடைசிவரை வந்து நிற்கும்போது சிலிண்டரும் (தோட்டா அறைகள் உள்ள உருளை) பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரலால் திருப்பினால் சுற்றக் கூடாது. அந்த நிலையில் ஹேமரைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளிப் பாருங்கள். நழுவி விழுந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, வேண்டாம்.

அப்புறம் குழல்மேல் உள்ள எழுத்துகள். நான் முதலில் வாங்கியது கண்ணாடிபோல் மினுங்கியது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகள் சுற்றிலும் குழிந்திருந்தன. யாரோ பஃப் போட்டு (பாலிஷ் சக்கரத்தில் தேய்த்து) இரும்பின் நீலப் பூச்சை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு போயே போச்சு. பழுப்பேறியிருந்தாலும் விளிம்பு கூர்மையாக இருப்பதே மேல்.

ஆறு அறை இருக்க ஐந்து தோட்டா ஏன்?

இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். ஹேமரின் மூக்கிலேயே ஊசி இருக்கிறது. ஹேமர் இறங்கி நின்றால் அந்த ஊசி நேராகத் தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர்மேல் உட்காரும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். முதல் க்ளிக் பாதுகாப்புக்குத்தான், ஆனால் அந்தப் பல் மெலிது, அடிபட்டால் உடையும். அதனால் இரண்டாவது க்ளிக்கில் வைத்து, பக்கத்தில் உள்ள தோட்டா போடும் கதவைத் திறந்து, ஒரு அறையில் போடுங்கள், அடுத்த அறையை விடுங்கள், மீதி நான்கிலும் போடுங்கள். கதவை மூடி, ஹேமரை முழுக்க இழுத்து, பிடித்தபடி மெதுவாக இறக்குங்கள். அது காலி அறைமேல் வந்து நிற்கும். குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும்.

.45 அங்குலத் தோட்டா போடும் ரிவால்வரில் குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. முன் குறிமுள்ளை அராவலாமா?

பழைய துப்பாக்கியில் அரத்தை வைக்காதீர்கள், ஐயா. முதலில் எடை கூடிய குண்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேலே ஏறும். 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) ஈயக் குண்டு, மிதமான மருந்து, 7 கஜத் தூரம், அங்கிருந்து தொடங்குங்கள். சுடும்போது பிடி உள்ளங்கையில் உருளும். உருளட்டும், இறுக்கிச் சண்டை போடாதீர்கள்.

கருமருந்து சுட்ட பிறகு?

சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். அன்றைக்கே செய்துவிடுங்கள், மறுநாள் துரு வந்துவிடும்.