அந்தத் திவசம் யாருக்கு?

கேள்வி: என் அம்மாவின் அண்ணன் 1984இல் இலங்கையில் ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இரண்டு வருடமாகத் தேடுகிறேன். புலிகள் இராணுவத்தோடு மோதிய 1991 ஆனையிறவுச் சமரில் இறந்திருப்பார் என்று நினைத்தேன்; மாவீரர் பட்டியலில் பெயர் இல்லை. அம்மாவைக் கேட்டால் 'பழசைக் கிளறாதே' என்கிறார். அம்மம்மாவுக்கு 89 வயது, அவரைக் கஷ்டப்படுத்த விருப்பமில்லை. 1988இல் கனடா வந்த நாளிலிருந்து சித்திரையில் ஐயரைக் கூப்பிட்டு ஏதோ ஒரு திவசம் செய்விப்பார். அன்று யாரோடும் பேசமாட்டார். நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். மாமாவை வேறு எங்கே தேடலாம்? – ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, வடையையும் பாயாசத்தையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன ஆள் நீர். அந்தத் திவசம் யாருக்கு என்று ஒரு சித்திரையிலாவது கேட்டீரா? 'ஏதோ ஒரு திவசமாம்'! இறந்தவரின் பெயரை ஐயர் வாய்விட்டுத்தான் கேட்பார். பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது.

காணாமல் போன பிள்ளைக்குத் தாய் இலேசில் திவசம் கொடுக்கமாட்டாள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரிடம் திதி பற்றிப் பேசிப் பாரும், தெரியும். திதி குறித்திருக்கிறார் என்றால் நாள் தெரியும். நாள் தெரியும் என்றால் யாரோ படலையைத் திறந்து வந்து சொல்லியிருக்கிறார்கள். நீர் இப்போது தேடுகிற பதில் அம்மம்மாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அந்தத் திவசம் மாமாவுக்கில்லை என்றால் என்னைத் திட்டி எழுதும், பிரசுரிக்கிறேன்.

அப்புறம் கணக்கைப் பாரும். 1988இலேயே திவசம் நடந்திருக்கிறது. 1991 ஆனையிறவு எங்கிருந்து வந்தது? உமக்குப் பெருஞ்சமரில் விழுந்த ஒரு மாமா வேண்டும், அவ்வளவுதான். 1984இல் 'இயக்கம்' என்றால் ஒன்றா? புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ்., ஈரோஸ் என்று ஒரே ஒழுங்கையில் மூன்று வீட்டுப் பெடியள் மூன்று இயக்கத்தில் இருந்த காலம். மாவீரர் பட்டியல் புலிகளுடையது. மற்ற இயக்கங்களில் செத்தவர்களை அதில் தேடிப் பயனில்லை.

1986 சித்திரையில், ஏப்ரல் கடைசியில் தொடங்கி, புலிகள் டெலோவை அடித்து அழித்தார்கள். டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே தொடக்கத்தில் கொல்லப்பட்டார். உம்முடைய மாமாவும் அப்படித்தான் போனார் என்று நான் சொல்லவரவில்லை. வேறு விதமாகவும் இருக்கலாம். ஆனால் சித்திரை என்றதும் எனக்கு அந்தக் கிழமைதான் ஞாபகம் வந்தது. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தவள். பக்கத்து வீட்டில் செத்தவீடு என்று தெரிந்தும் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அந்த வீட்டில் அழுகைச் சத்தமே வரவில்லை. உம்முடைய அம்மா 'கிளறாதே' என்பதும் அந்தக் காலத்துப் பழக்கமாக இருக்கலாம். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

'கஷ்டப்படுத்த விருப்பமில்லை' என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதேயும். கஷ்டம் உமக்குத்தான். அவர் இத்தனை வருஷமாக அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். செத்த பிள்ளையின் பெயரைத் தட்சணை வாங்குகிற ஐயர் மட்டும் சொல்லுகிற வீடு என்ன வீடு?

வெளியே தேட இடம் இருக்கிறது. அக்காலத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் படமாகக் கிடக்கின்றன. ஆனால் சொந்தப் பெயரும், இயக்கப் பெயரும், இறந்த நாளும் தெரியாமல் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்? மூன்றும் உம்முடைய வீட்டுக்குள்தான் இருக்கின்றன. கிடைப்பது நீர் விரும்புகிற கதையாக இருக்காது. மாமா துவக்கைத் தூக்கியவர்; அதை யார் பக்கம் நீட்டினார் என்பதும் வரலாம். எதுவானாலும் அவர் உம்முடைய மாமாதான்.

அடுத்த சித்திரைக்கு லீவு போடும், உழுந்து அரைத்துக் கொடும், ஐயர் பெயர் கேட்கும்போது பக்கத்தில் இரும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், 89 வயது. இந்த ஞாயிறே அம்மம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு இரும். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்கிற வேலை வேண்டாம். இயக்கத்தைப் பற்றி முதலில் கேட்காதேயும். மாமா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்ன சாப்பிடுவார் என்று கேளும்.